வரியோடும் எஃகுக் கத்தி: அழகு எங்கிருந்து வருகிறது, வெட்டு எங்கிருந்து வருகிறது?

கேட்கப்பட்டது இதுதான்: டமாஸ்கஸ் என்ற பெயரில் விற்கும், அலகு முழுக்க அலை அலையாய் வரி ஓடும் கத்திகள் உண்மையிலேயே நன்றாக வெட்டுமா, இல்லை வெறும் அலங்காரமா? அந்த வரிகள் எப்படி வருகின்றன? அதற்குப் போய் ஏன் சிலர் இப்படி மயங்குகிறார்கள்?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஒரு கத்தி வெட்டுவது அதன் எஃகாலும், அதற்குப் போட்ட பதத்தாலும் (காய்ச்சிக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்துவது), சாணை பிடித்த கோணத்தாலும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் வரிக் கத்தி அருமையாக வெட்டும். இல்லையென்றால் எத்தனை வரி ஓடினாலும் பயனில்லை. வரிகள் கூர்மையைச் சேர்ப்பதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஆனால் "அப்படியானால் அலங்காரம்தானே" என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த வரிகளை ஒரு கொல்லர் தான் நினைத்த இடத்தில் வரவைப்பது உலோக வேலையிலேயே மிகக் கடினமான காரியங்களில் ஒன்று. விஷயம் தெரிந்தவர்கள் மயங்குவது அதற்காகத்தான்.

ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் புழங்குகின்றன. அதை முதலில் பிரித்துக்கொள்வோம். ஒன்று, பழைய வூட்ஸ். மூடிய மண் மூசைக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் வைத்து உருக்கி, மெதுவாக ஆறவிட்டு எடுக்கும் உருக்குக் கட்டி. அதைத் தட்டிச் செய்த வாளில் வரி உள்ளிருந்து தானாகவே எழும். இன்னொன்று, இரண்டு மூன்று வகை எஃகுத் தகடுகளை அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்தே ஒன்றாக்கியது. இன்று கிடைக்கும் வரிக் கத்திகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டாவது வகைதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அடுக்கு எஃகுக்கு வழக்கமான ஜோடி 1084, 15என்20 என்ற இரண்டு எஃகுகள். முதலாவதில் சுமார் 0.84 சதவீதம் கார்பனும் கொஞ்சம் மாங்கனீசும் இருக்கும். இரண்டாவதில் சுமார் 0.75 சதவீதம் கார்பன், கூடவே 2 சதவீதம் நிக்கல். இந்த நிக்கல்தான் கதாநாயகன். அவன் வேலை கடைசியில்தான் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் பதமாகும், ஒரே மாதிரி எண்ணெயில் குளிரும். அதனால்தான் இந்த ஜோடி இவ்வளவு பிரபலம். சுருங்கி விரியும் போக்கில் ஒத்துவராத இரண்டு எஃகுகளைச் சேர்த்தால், எண்ணெயில் முக்கும்போதே அடுக்கு பிரிந்து வாய் திறந்துவிடும்.

தகடுகளைச் சுத்தமாக அரைத்து, மாற்றி மாற்றி அடுக்கி, ஓரங்களில் வெல்டிங் பொட்டு வைத்து உலைக்குள் விடுவார்கள். செஞ்சூடு வந்ததும் வெளியே எடுத்து வெங்காரம் தூவுவார்கள். அது உருகிக் கண்ணாடிபோல் ஓடி, காற்று படாமல் மூடும். இரும்பின் மேல் படிந்த செதிலையும் கரைத்துக்கொள்ளும். பிறகு மறுபடி உலை. சுமார் 1250 டிகிரி செல்சியஸில் அந்த அடுக்கிய எஃகுக் கட்டை பளிச்சென்ற மஞ்சளாகும். மேலே வெங்காரம் கொதித்து நெளியும். கட்டையில் எங்கும் கறுப்பு நிழல் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்த இடம் உள்ளே இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதே சமயம் இரும்பிலிருந்து வெள்ளைப் பொறி பறக்கத் தொடங்கினால் எஃகு எரிகிறது, காரியம் கெட்டது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறிய இடைவெளியில்தான் வேலை.

முதல் அடிகள் பலமாக இருக்கக்கூடாது. ஓங்கி அடித்தால் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். மிதமான அடிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாகப் போட வேண்டும். உருகிய வெங்காரம் கசடோடு சேர்ந்து பக்கவாட்டில் பீய்ச்சும். சத்தத்தைக் கேட்டாலே நிலவரம் தெரியும். பற்றாத அடுக்கு சொதசொதவென்று ஒலிக்கும். பற்றியதும் அடி கெட்டியாகத் திரும்பி வரும், சுத்தியல் துள்ளும். அப்புறம் கட்டை குளிரும்போது பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். எங்காவது கோடு போல நிறம் மாறி நின்றால் அங்கே பற்றவில்லை.

பற்றிய கட்டையை நீட்டி, துண்டாக்கி, மறுபடி அடுக்கி, மறுபடி பற்றவைப்பார்கள். 7 அடுக்கில் தொடங்கி நான்காக வெட்டி அடுக்கினால் 28, மறுபடி நான்காக்கினால் 112, மூன்றாக்கினால் 336. இதில் வெளியே அதிகம் பேசாத ஒரு சங்கதி உண்டு. மேலும் கீழும் ஒரே எஃகு இருக்கும் 7 அடுக்குக் கட்டையை நான்காக வெட்டி அடுக்கினால், சேரும் மூன்று இடங்களிலும் ஒரே எஃகு ஒரே எஃகோடு ஒட்டி ஒரே தடித்த அடுக்காகிவிடும். ஆக உண்மையில் இருப்பது 25 அடுக்கு. பழக்கத்தில் 28 என்றுதான் சொல்வார்கள். அந்தத் தடித்த அடுக்குகள் கடைசியில் அகலமான வரிகளாகத் தெரியும். சில கொல்லர்கள் அதையே ஒரு தாளமாகப் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. எனவே "ஆயிரம் அடுக்கு" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். இரண்டு அடுக்கில் தொடங்கி ஒன்பது முறை இரட்டித்தால் 1024 வந்துவிடும். ஆனால் அவ்வளவு மெலிந்த அடுக்குகள் கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறமாகவே படும்.

அடுத்து வருவதுதான் இந்தக் கலையின் மூளை. ஒழுங்காக, மட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும் 200 அடுக்குக் கட்டையைக் கத்தியாக்கி மேற்பரப்பை அடுக்குக்கு இணையாகவே இழைத்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. மேலே இருக்கும் ஒரே ஓர் அடுக்குதான் தெரியும். வரி தெரிய வேண்டுமென்றால் மேற்பரப்பு அடுக்குகளைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். ப்ளைவுட் பலகையின் ஓரத்தைச் சாய்த்து இழைத்தால் உள் அடுக்குகள் பட்டை பட்டையாக வெளியே வருமே, அதே கணக்கு. முதுகில் 4 மில்லிமீட்டர் தடிமனும் 30 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அலகை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகிலிருந்து வாய், அதாவது வெட்டும் ஓரம், வரைக்கும் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 4 டிகிரி சாய்வு. 200 அடுக்கென்றால் ஒவ்வொன்றின் தடிமன் 0.02 மில்லிமீட்டர், வெறும் கண்ணால் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். ஆனால் அந்தச் சாய்வில் வெட்டும்போது அது 0.3 மில்லிமீட்டர் அகலப் பட்டையாக விரிகிறது. ஏறக்குறைய 15 மடங்கு.

அப்படியானால் வரியை வரைவது என்பது அடுக்கைக் கலைப்பதுதான். எங்கே மேடாக்க வேண்டும், எங்கே பள்ளமாக்க வேண்டும், பிறகு எந்த மட்டத்தில் அரைத்து நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றுமே செய்யாமல் சுத்தியலின் தற்செயல் அடிகளை மட்டும் நம்பினால் ஓடைநீர் போன்ற ஒழுங்கற்ற நெளிவுகள் வரும். பலரும் பார்த்திருப்பது இதைத்தான். கட்டையின் இரு முகங்களிலும் குறுக்கே பள்ளங்களை, ஒரு பக்கத்துப் பள்ளம் மறுபக்கத்து மேட்டுக்கு நேராக வருமாறு மாற்றி மாற்றி அரைத்துவிட்டுத் தட்டி மட்டமாக்கினால், பள்ளத்தில் வெளிப்பட்ட உள் அடுக்குகள் மேலெழுந்து ஏணிப்படி மாதிரி வரும். பள்ளத்துக்குப் பதிலாகத் துரப்பணத்தால் குழிகள் போட்டுத் தட்டினால் மழைத்துளி வட்டங்கள்.

முறுக்கு இன்னும் சுவாரசியமானது. கட்டையைச் சதுரக் கம்பியாக இழுத்து, மஞ்சள் சூட்டில் ஒரு முனையைப் பிடிப்பானில் கவ்வி மறுமுனையைத் திருகுவார்கள். சூடு சீராக இல்லையென்றால் சூடான இடம் மட்டும் அதிகமாக முறுக்கிக்கொள்ளும். நீரூற்றிக் குளிரவைத்து அதைக் கட்டுப்படுத்துவார்கள். பிறகு தட்டித் தட்டையாக்கி அரைக்கத் தொடங்கினால் முதலில் சாய்கோடுகள்தான் தெரியும். முறுக்கின் மையத்தை நெருங்க நெருங்க அந்தக் கோடுகள் வளைந்து, சுருண்டு, நட்சத்திரங்களாக மாறும். ஒரே கம்பிதான், ஆழம்தான் வேறு. அதனால் முறுக்குக் கத்தி செய்பவர் அலகைத் தேவைக்கு அதிகத் தடிமனில் தட்டி வைத்துக்கொண்டு, நட்சத்திரம் வரும்வரை அரைத்துத் தள்ளுவார். உழைத்துச் செய்த கட்டையில் பாதி தூளாகப் போகும். மயிலிறகு வகையில் கட்டையை நிமிர்த்தி நிறுத்தி, மொட்டையான ஆப்பை நடுவில் இறக்கி இரண்டாகப் பிளப்பார்கள். ஆப்பு அடுக்குகளைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போகும். பிளந்த இரு பாதிகளையும் மறுபடி பற்றவைத்தால் நடுநரம்பும் இருபுறமும் சரிந்த இழைகளும் வந்துவிடும். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே அழகு இதுதான். சின்னச் சின்ன உருவங்களைச் சதுரங்களாகப் பதிக்கும் மொசைக் வகையின் திறமை பிரமிக்க வைக்கும். ஆனால் பல சமயம் கத்தி மறைந்து படம்தான் நிற்கிறது.

இங்கேயே இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். வாய்ப்பக்கத்துச் சாய்வைச் சுத்தியலால் தட்டிக் கொண்டுவந்தால் அடுக்குகளும் கூடவே வளைந்து இறங்கும். வாய்க்கருகில் வெட்டுப்படும் அடுக்குகள் குறைந்து, வரி நீண்டு இழுபடும். அரைத்தே சாய்வைக் கொண்டுவந்தால் வரி நெருக்கமாக வாய் வரைக்கும் வரும். நல்ல கொல்லர் ஒரே கத்தியில் இரண்டையும் கலப்பார்.

இவ்வளவும் முடிந்தாலும் அலகு வெறும் வெள்ளை இரும்பாகத்தான் இருக்கும். வரி ஒன்று கூடத் தெரியாது. முதலில் தோய்ச்சல் ஆக வேண்டும்: சுமார் 815 டிகிரிக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பிறகு சுமார் 200 டிகிரியில் இரண்டு முறை வாட்டி எடுத்தால், கெட்டித்தன்மை ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டி நிற்கும். பிறகு நுண்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவி, நீர்த்த ஃபெர்ரிக் குளோரைடு என்ற அமிலக் கரைசலில் முக்குவார்கள். சில நிமிடங்களில் அலகு கரிபிடித்ததுபோல் கறுத்துவிடும். வெளியே எடுத்து, கழுவி, அமிலத்தை சமையல் சோடாவால் முறித்து, தட்டையான கட்டையில் சுற்றிய மிக நுண்ணிய தாளால் ஒருமுறை இழுத்தால், நிக்கல் உள்ள அடுக்குகள் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு எழும். மற்றவை கறுப்பாகவே கிடக்கும். நிக்கல் அமிலத்துக்கு அசைந்து கொடுக்காது, மற்றது அரிக்கப்பட்டுத் தாழ்ந்துவிடும். அதனால் விரலை ஓட்டினால் வரிகளின் மேடு பள்ளம் தட்டுப்படும். கறுப்பு இன்னும் ஆழமாக வேண்டும் என்பவர்கள் அதற்கப்புறம் கெட்டியான இன்ஸ்டன்ட் காபிக் கரைசலில் பல மணி நேரம் ஊறவைக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நன்றாகவே வேலை செய்கிறது. பற்றாத இடம் ஏதாவது உள்ளே ஒளிந்திருந்தால் அதுவும் இந்தக் கட்டத்தில்தான் மயிர்க்கோடாக வெளிவரும். அத்தனை நாள் உழைப்பும் கழிவு இரும்புக்குப் போகும்.

சரி, வெட்டும் திறனுக்கு வருவோம். "கெட்டி எஃகும் மெது எஃகும் மாறி மாறி இருப்பதால் கூரும் உண்டு, முறியாமலும் இருக்கும்" என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடப்பது வேறு. பற்றவைக்கும் சூட்டில் கார்பன் சும்மா இருக்காது. மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே சில நிமிடங்களிலேயே பரவிச் சமமாகிவிடும். நிக்கலும் மாங்கனீசும் அவ்வளவு சுலபத்தில் நகராது. ஆக வரி நிற்கிறது, கடினத்தில் இருந்த வித்தியாசம் போய்விடுகிறது. முடிவில் உங்கள் கையில் இருப்பது ஒரு நல்ல சாதாரணக் கார்பன் எஃகுக் கத்தி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதம் சரியாக இருந்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அமெரிக்கக் கொல்லர் சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் மாஸ்டர் தேர்வே சாட்சி. குறைந்தது 300 அடுக்குள்ள கத்தியைத் தேர்வர் தானே செய்து, தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, மரச்சட்டங்களை வெட்டிப் பிளந்து, அதற்குப் பிறகும் அதே வாயால் கை மயிரை மழித்து, கடைசியில் பிடிப்பானில் கவ்வி 90 டிகிரி வளைத்துக் காட்ட வேண்டும். அந்தச் சங்கம் 1976இல் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான வில்லியம் மோரன் 1973இல் தன் அடுக்கு எஃகுக் கத்திகளைக் கண்காட்சியில் வைத்ததுதான் இன்றைய ஆர்வ அலைக்கு முக்கியமான தொடக்கம்.

சமையலறைக் கத்திகளில் கதை இன்னும் வேறு. 67 அடுக்கு என்று விற்கும் ஜப்பானிய பாணிக் கத்திகளில் நடுவில் விஜி10 போன்ற ஒரே துருப்பிடிக்காத எஃகு. அதன் இருபுறமும் 33, 33 அடுக்குப் போர்வை. வெட்டுவது நடு எஃகு மட்டும்தான். உற்றுப் பாருங்கள்: வாயை ஒட்டி ஒரு நெளிகோடு இருக்கும், அதற்குக் கீழே வரியே இருக்காது. போர்வை அழகுக்கும், நடு எஃகுக்குப் பக்கபலத்துக்கும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. வாங்கும்போது நடுவில் என்ன எஃகு என்று கேட்டால் போதும். இதையே துருப்பிடிக்காத எஃகுப் பொடிகளைக் கொண்டு, போர்வையாக அல்லாமல் முழுக் கட்டையாகவே ஸ்வீடனின் டமாஸ்டீல் நிறுவனம் செய்கிறது. அதில் வரி வாய் வரைக்கும் ஓடும், கூரும் நிற்கும்.

இனி வூட்ஸ். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் தாய்வீடு. தமிழ்நாட்டில் கொடுமணல், மேல்சிறுவலூர், தெலங்கானாவில் கோனசமுத்திரம் ஆகிய இடங்களில் மூசை உருக்குத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இங்கிருந்து போன கட்டிகள் பாரசீகம் வரைக்கும் வாள்களாயின. 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அடுத்த தலைமுறையில் மைக்கேல் ஃபாரடே இதை அலசப் போய்த்தான் கலப்பு எஃகு ஆராய்ச்சியில் இறங்கினார். ரஷ்யாவின் ஸ்லாதவுஸ்த் நகரில் பாவெல் அனோசவ் என்ற உலோகவியலாளர் இதே வரியை வரவைக்கப் பல ஆண்டுகள் போராடினார். கட்டியில் கார்பன் சுமார் 1.5 சதவீதம். வரி எப்படி வந்தது என்பதற்கு 1990களில் ஜான் வெர்ஹூவன் என்ற உலோகவியலாளரும் ஆல்பிரட் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து வேலை செய்து, நம்பத்தகுந்த விளக்கம் கொடுத்தார்கள். தாதுவிலிருந்தே வந்த வனேடியம் போன்ற தனிமங்கள், மிக மிகச் சொற்ப அளவில் இருந்தாலும், கட்டி உறையும்போது வரிசை கட்டி ஒதுங்கிவிடுகின்றன. பிறகு மிதமான சூட்டில் மறுபடி மறுபடி காய்ச்சித் தட்டும்போது, கார்பைடு துகள்கள் (இரும்பும் கார்பனும் சேர்ந்த கெட்டித் துகள்கள்) அந்த வரிசைகளிலேயே சேர்ந்து வெள்ளைக் கோடுகளாகின்றன. சூடு அதிகமானால் எல்லாம் கரைந்து வரி போய்விடும். தாது மாறினாலும் வரி வராது; தொழில் மங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பழைய பாரசீக வாள்களில் காணும் ஏணிப்படி வரிகள்கூட, மேலே சொன்ன அதே பள்ளம் வெட்டித் தட்டும் தந்திரத்தால் வந்தவைதான்.

2006இல் ட்ரெஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு 17ஆம் நூற்றாண்டு வாளின் துணுக்கில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டதாக அறிவித்ததும், "நம் முன்னோரின் நானோ தொழில்நுட்பம்" என்று பேச்சு கிளம்பியது. கொஞ்சம் நிதானம் நல்லது. பென்ட்ரே செய்த வூட்ஸ் அலகுகளை இயந்திரத்தில் வைத்துத் தேய்மானம் பார்த்த வெர்ஹூவனின் சோதனையில், முழுக் கடினத்துக்குப் பதம் போட்ட நிலையில் 52100 போன்ற இன்றைய எஃகை வூட்ஸ் முந்தவில்லை. அந்தக் காலத்து மற்ற இரும்புகளோடு ஒப்பிட்டால் வூட்ஸ் அபாரம். அதன் பெருமைக்கு அது போதும், நானோ எல்லாம் தேவையே இல்லை.

அடுக்கு எஃகும் புதிதல்ல. இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டில் 1939இல் கிடைத்த, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைக்கப்பட்ட வாளின் நடுப்பகுதி முறுக்கிய கம்பிகளைப் பற்றவைத்தது. வெட்டும் வாய் தனியாக ஒட்டியது. ஜாவாவின் கிரிஸ் குத்துவாள்களில் நிக்கல் உள்ள விண்கல் இரும்பையும் அடுக்கினார்கள். எலுமிச்சைச் சாறும் ஆர்செனிக்கும் கலந்து கழுவி வரியை எழுப்பினார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. போலிகளில் பெரும்பாலானவை ஒரே எஃகின் மேல் லேசராலோ அமிலத்தாலோ அச்சடித்தவை. முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்கில் பக்கத்து வரி முதுகின் மேலும் ஓடும். அச்சடித்ததில் முதுகு மொழுமொழுவென்று இருக்கும். இரண்டு பக்கமும் அச்சு மாறாமல் ஒரே படமென்றால் சந்தேகப்படலாம். இதைவிடத் தொல்லை, நிஜ அடுக்காக இருந்தும் என்ன எஃகென்று விற்பவரே சொல்லாத கத்திகள். கார்பன் குறைந்த மெது இரும்பை அடுக்கினாலும் வரி பிரமாதமாகத்தான் தெரியும். ஆனால் அதைப் பதமேற்றவே முடியாது, இரண்டு நாளில் மழுங்கும். எந்த இரண்டு எஃகு, எத்தனை கடினம் என்ற இரண்டு கேள்விக்கும் நேரடியாகப் பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். அடுக்கு எண்ணிக்கையை மட்டுமே சொல்லி விற்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

பராமரிப்பு சாதாரணக் கார்பன் கத்திக்கு உள்ளதுதான்: வேலை முடிந்ததும் கழுவி உடனே துடைக்க வேண்டும், சும்மா கிடக்கும்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பக்கமே போகக்கூடாது. தோலுறைக்குள் வைத்து நாள்கணக்கில் விட்டால் துரு பிடிக்கும். புளிப்பான பொருளை வெட்டிவிட்டு அப்படியே போட்டால் கறுப்பு அடுக்குகள் திட்டுத் திட்டாக நிறம் மாறும். பல வருடம் புழங்கினால் வரி மங்கத்தான் செய்யும். அதில் பதறுவதற்கு ஒன்றுமில்லை. வரி மேற்பூச்சு அல்ல, உள்ளே முழுவதும் இருக்கிறது. நுண்தாளால் தேய்த்து, கையுறை போட்டுக்கொண்டு, நீர்த்த ஃபெர்ரிக் குளோரைடில் பிடி நனையாமல் அலகை மட்டும் சில நிமிடம் முக்கினால் திரும்ப வந்துவிடும். கடைசியில் வாயை மட்டும் கல்லில் ஒருமுறை தீட்டிவிடுங்கள், ஏனென்றால் அமிலம் கூரையும் கொஞ்சம் தின்றிருக்கும்.